மேல் வாசல், கீழ் வாசல்

அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் 1879-இல் பட்டம் பெற்றவர்கள், தங்கள் 25-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிக் கல்லூரிக்கு 1 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதை முதலாக வைத்து 1903-இல் எழுந்ததுதான் ஹார்வர்டு ஸ்டேடியம். மொத்தச் செலவு சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம் டாலர். கம்பி கட்டிய கான்கிரீட் என்பதே அந்த ஊரில் புதுசாக இருந்த காலம் அது. நாமெல்லாம் 25-ஆம் ஆண்டு சந்திப்பு என்றால் ஒரு குடிநீர்த் தொட்டி கட்டி, தொட்டியைவிடப் பெரிதாகக் கல்வெட்டு வைப்போம். அவர்கள் ஸ்டேடியமே கட்டிவிட்டார்கள்.

ஹார்வர்டு கட்டினால் யேல் சும்மா இருக்குமா? 1914-இல் அங்கே சுமார் 70,000 பேர் உட்காரும் கிண்ணம் போன்ற அரங்கம் வந்தது. பாதி ஆழத்துக்குத் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகக் கொட்டி, அதன் மேல் இருக்கை வரிசைகளைப் போட்டார்கள். மண்ணை வெளியே ஏற்றி அனுப்பும் செலவு மிச்சம், நல்ல பொறியியல். 1927-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கட்டிய அரங்கில் இன்று 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய ஃபுட்பாலுக்கு, 1 லட்சத்துக்கு மேல் நிரந்தர இருக்கை உள்ள அரங்குகள் எல்லாமே கல்லூரிகளுடையவை. காசுக்கு ஆடும் தொழில்முறை அணிகளுக்கு அப்படி ஒன்றுகூட இல்லை! 2017-இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் அணிக்கு மட்டும் 5.5 கோடி டாலரில் ஒரு மாளிகை கட்டியது. மாடியிலிருந்து கீழே இறங்கச் சறுக்குமரம், மினி கோல்ஃப், பௌலிங் என்று எல்லாம் உண்டு. இவ்வளவுக்கும் அச்சாணி அந்தந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள்.

நம் சங்கத்திலும் உள்விளையாட்டரங்கம் கட்டும் பேச்சு நடப்பது நண்பர்கள் அறிந்ததே. சிவில் படித்தவன் என்பதால் பிளானில் ஒரு பிரதி எனக்கும் வந்தது. அதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது இந்தப் பெரிய ஸ்டேடியங்கள் அல்ல. கட்டாமலே போன ஒரு ஜிம்னாசியம். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது அதையே எழுதித் தருகிறேன் என்றேன்.

நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் மார்னிங்சைடு ஹைட்ஸ் என்றொரு மேடு இருக்கிறது. அதன் கிழக்கு விளிம்பு செங்குத்தான பாறைச் சரிவு. மேட்டின் மேல் கொலம்பியா பல்கலைக்கழகம். சரிவுக்குக் கீழே ஹார்லம். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. தெருக்களைச் சதுரங்கக் கட்டம் போல் இழுத்துக்கொண்டே போன நகர நிர்வாகம் இந்தப் பாறைக்கு முன்னால் திகைத்து நின்றது. இதன் மேல் தெரு போட்டால் செலவு தாங்காது, பூங்காவாக விட்டுவிடுவதே மேல் என்று 1867-இல் ஆண்ட்ரூ கிரீன் என்ற அதிகாரி யோசனை சொன்னார். சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவருமே இதையும் வடிவமைத்தார்கள். 110-ஆவது தெருவிலிருந்து 123-ஆவது தெருவரை நீளமாகக் கிடக்கும் சுமார் 30 ஏக்கர் பூங்கா, பாறையில் பதித்த படிக்கட்டுகளோடு 1895-இல் முடிந்தது.

கொலம்பியா 1897-இல் மேட்டுக்குக் குடிவந்தது. மெக்கிம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் பிளான். நடுவில் குவிமாட நூலகம், பெரிய படிக்கட்டு என்று கோயில் போல எல்லாம் உண்டு. ஜிம்னாசியம் மட்டும் பாதாளத்தில், பாய்லர் அறைக்குப் பக்கத்தில்! அதன் மேல் எழ வேண்டிய பெரிய மண்டபம் கடைசிவரை முழுதாக எழவே இல்லை. வளாகத்தின் தெற்கே இருந்த மைதானத்தில்தான் பிற்காலத்தில் பேஸ்பால் மேதையாகப் பெயரெடுத்த லூ கெரிக் 1923-இல் கல்லூரி அணிக்காக ஆடினார். பிறகு அந்த மைதானத்தின் ஒரு பகுதியையும் புது நூலகம் எடுத்துக்கொண்டது. ஆக, அரை நூற்றாண்டாக ‘எங்களுக்கு ஒரு நல்ல ஜிம் இல்லை’ என்பது கொலம்பியாவின் பழைய மாணவர்களுக்குத் தீராத மனக்குறை. நியாயமான குறைதான்.

1950-களில் நகரத்தின் பூங்காக்களையும் நெடுஞ்சாலைகளையும் ஆட்டிவைத்தவர் ராபர்ட் மோசஸ். அவருடன் பேசி, பூங்காவின் தென்பகுதியில் கொலம்பியா தன் செலவில் ஒரு விளையாட்டு மைதானம் அமைத்தது. அதில் பல்கலைக்கழக மாணவர்களும் ஆடினார்கள், அக்கம்பக்கத்துச் சிறுவர்களும் ஆடினார்கள். யாருக்கும் புகார் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். அந்தத் தெம்பில்தான் அடுத்த திட்டம் பிறந்தது: அதே பூங்காவின் சரிவில் சுமார் 2 ஏக்கர் எடுத்து ஜிம்னாசியம் கட்டுவது. 1960-இல் மாநில சட்டமன்றம் அனுமதித்தது. ஹார்லம் பகுதிப் பிரதிநிதிகளே அதை ஆதரித்தார்கள். 1961-இல் நகரத்தோடு குத்தகை கையெழுத்தானது. வாடகை ஆண்டுக்கு 3,000 டாலர்.

இனி அந்தக் கட்டடத்தின் ‘செக்ஷன்’. பிளானில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குறுக்குவெட்டில்தான் எல்லாம் தெரியும். பாறையில் முதுகைச் சாய்த்து நிற்கும் கட்டடம். மாணவர்கள் மேலே மார்னிங்சைடு டிரைவ் தெருவிலிருந்து, மேல்தளம் வழியாக நுழைவார்கள். பெரிய ஆட்டக்கூடம், நீச்சல்குளம் எல்லாம் அவர்களுக்கு. ஹார்லம் மக்களுக்கு அடிவாரத்தில் தனி வாசல், அடித்தளத்தில் தனிக்கூடம். மொத்தக் கட்டடத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. உள்ளே ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டாம்.

வரைந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரைந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மேலே ஒரு தெரு, கீழே ஒரு தெரு, நடுவில் செங்குத்துப் பாறை. இந்த மனையை எந்தப் பொறியாளரிடம் கொடுத்தாலும் ‘ரெண்டு லெவலில் ரெண்டு என்ட்ரி’ என்றுதான் முதலில் கோடு போடுவார். நானும் போடுவேன். ஆனால் மேல் வாசல் ஒரு ஜாதிக்கு, கீழ் வாசல் இன்னொரு ஜாதிக்கு என்றால் அது என்ன அர்த்தம் தரும் என்பதை, டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் பார்த்த நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பர்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு ‘ஜிம் குரோ’ என்று பெயர். இந்த ஜிம்னாசியத்துக்கும் ஹார்லத்தில் அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து மாறும்; தமிழில் அதுவும் மாறாது.

கொலம்பியாவுக்குப் பணம் திரட்ட ஏழு ஆண்டு பிடித்தது. அந்த ஏழு ஆண்டில்தான் நாடே மாறிப்போனது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1960-இல் தாராள மனசாகத் தெரிந்த எட்டில் ஒரு பங்கு, 1967-இல் பிச்சையாகத் தெரிந்தது. நகரப் பூங்கா ஆணையராக வந்த தாமஸ் ஹோவிங், பொதுப் பூங்காவில் தனியார் கட்டடமா என்று வெளிப்படையாக எதிர்த்தார். சரி, கீழ்த்தளத்திலும் ஒரு நீச்சல்குளம் சேர்க்கிறோம் என்றது பல்கலைக்கழகம். குளம் கூடியது, வாசல் அங்கேயேதான் இருந்தது.

குத்தகை கையெழுத்தான அதே 1961-இல்தான் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். நகரமைப்புப் படித்தவர் அல்ல, பத்திரிகைக்காரர். பெரிய வளாகங்கள், ரயில் பாதைகள் போன்றவற்றின் விளிம்பில் இருக்கும் தெருக்கள் ஏன் ஆளரவமற்றுச் செத்துப்போகின்றன என்று ஒரு அத்தியாயமே எழுதினார். வந்துபோக வேலை இல்லாத தெருவில் மனிதர் நடமாட மாட்டார்கள், நடமாட்டம் இல்லாத தெருவில் பயம் குடியேறும் என்பது அவர் வாதத்தின் சாரம். புத்தகக் கணக்குப்படி பூங்காவும் கல்விக்கூடங்களும் நிறைந்து நன்றாக இருந்திருக்க வேண்டிய மார்னிங்சைடு ஹைட்ஸ் ஏன் சீரழிந்தது என்பதும் அவர் நூலில் ஓர் உதாரணம். அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பூங்காவை வேலியடைத்து வேலையைத் தொடங்கினார்கள்.

1968 பிப்ரவரியில் இயந்திரங்கள் இறங்கின. மறியல், கைது. ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏப்ரல் 23-ஆம் தேதி கொலம்பியா மாணவர்கள் கூட்டம் போட்டு, ஊர்வலமாகப் பூங்காவுக்குப் போய்க் கட்டுமான வேலியைப் பிடுங்கினார்கள். திரும்பிவந்து ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிரவே கறுப்பின மாணவர்கள் அதைத் தாங்கள் தனியாக நடத்திக்கொள்வதாகச் சொல்ல, மற்றவர்கள் வேறு கட்டடங்களுக்குப் போனார்கள். மொத்தம் ஐந்து கட்டடங்கள். வியட்நாம் போர் ஆராய்ச்சித் தொடர்பும் அவர்கள் கோபத்துக்குக் காரணம்; ஜிம் மட்டும் அல்ல. ஏப்ரல் 30 அதிகாலையில் போலீஸ் நுழைந்தது. சுமார் 700 பேர் கைது; நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் காயம். ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் கிரேசன் கர்க் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஜிம் திட்டமே கைவிடப்பட்டது.

பாறையில் வெட்டிய குழி மட்டும் இருபது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1990-ஐ ஒட்டி அதில் தண்ணீர் விட்டுக் குளமாகவும் அருவியாகவும் மாற்றினார்கள். இன்று அங்கே ஆமைகளும் வாத்துகளும் இருக்கின்றன. அஸ்திவாரக் குழியில் ஆமை நீந்துவதைப் போட்டோவில் பார்க்கும்போது சிவில்காரனுக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். இடமில்லை, இடமில்லை என்ற கொலம்பியா, 1974-இல் தன் வளாகத்துக்குள்ளேயே, பெரும்பாலும் தரைக்கு அடியில், உடற்பயிற்சி நிலையத்தைக் கட்டி முடித்தது. ஆக, இடம் இருந்திருக்கிறது.

பின்னர் 2003-இல், சற்று வடக்கே மன்ஹாட்டன்வில் பகுதியில் 17 ஏக்கரில் புது வளாகத் திட்டத்தை அறிவித்தார்கள். ரென்சோ பியானோ வகுத்த அமைப்பில் மதில் இல்லை, கேட் இல்லை. நகரத்துத் தெருக்கள் வளாகத்துக்குள் ஓடுகின்றன. தரைத்தளங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. அந்த நிலத்தை எடுத்த விதம் நீதிமன்றம் வரை போனது. 2010-இல் தீர்ப்பு பல்கலைக்கழகப் பக்கம் வந்தாலும், அங்கே கடை வைத்திருந்தவர்களின் கசப்பு வேறு விஷயம். வாசல் பாடம் படித்தார்கள், நிலப் பாடம் இன்னும் பாக்கி என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நம் பிளான். மைதானத்தின் கிழக்கெல்லையை ஒட்டிய தெருப் பையன்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அங்கே வாலிபால், கபடி ஆடுவது நாம் படிக்கும் காலத்திலேயே உண்டு. பி.டி. சார் விசில் ஊதி அவர்களையும் சேர்த்துத்தான் ஓடவிடுவார். பிளானில் உள்விளையாட்டரங்கம் சரியாக அந்த மூலையில் உட்காருகிறது. முகப்பும் போர்ட்டிகோவும் வளாகத்தைப் பார்த்து. தெருப் பக்கம் 9 மீட்டர் உயர மொட்டைச் சுவர், ஜெனரேட்டர் அறை, கழிவறை, அதற்கு இடையில் 1.2 மீட்டரில் ஒரு சின்ன கேட். பக்கத்தில் ‘ஊர் மக்கள், மாலை 5 முதல் 6’ என்று குறிப்பு. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

என் யோசனை இதுதான். ஜெனரேட்டர் அறையை வடக்குப் பக்கம் தள்ளி, கிழக்கே தெருவைப் பார்த்தும் போர்ட்டிகோவுக்குச் சமமான ஒரு வாசல் வைக்க வேண்டும். இரண்டு வாசலும் ஒரே ஹாலுக்குள் திறக்கட்டும். ஒரு ரெஜிஸ்டர், ஒரு வாட்ச்மேன் போதும். கேபிள் நீளம் கொஞ்சம் கூடும். கழிவறைக் குழாய் வரிசையை மாற்ற வேண்டிவரும். தூண்கள் எதையும் அசைக்க வேண்டாம், பார்த்துவிட்டேன். சீனியர் அண்ணன்கள் சிலருக்கு ‘செக்யூரிட்டி’ கவலை இருக்கிறது, போனில் பேசினோம். மாற்று பிளானும் செலவுக் கணக்கும் அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டுவருகிறேன். மண் பரிசோதனைக்குக்கூட இன்னும் குழி போடவில்லை.