கீழ்ப்பிரிவில் ஒரு பருவம்

நேயர்களே, சிங்கப்பூர்க் காற்பந்தின் வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, 1977-ஐப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்த ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்குக் குழுவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டு வந்தோம். வெற்றி கோலைப் போட்ட குவா கிம் சோங், தற்காப்பில் மதில்போல் நின்ற குழுத் தலைவர் சமது அல்லாப்பிச்சை, பந்தை வாழைப்பழம்போல் வளைத்து அடிக்கும் எஸ். ராஜகோபால், இவர்களையெல்லாம் பயிற்றுவித்த 'அங்கிள்' சூ செங் குவீ. அறுபது வயதைத் தாண்டிய எந்த மாமாவிடம் கேட்டாலும் இந்தக் கதையை மூச்சு விடாமல் சொல்வார். நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது புள்ளிப் பட்டியலின் அடியில் இருந்தவர்களைப் பற்றி. அவர்களுக்கு யாரும் வரலாறு எழுதவில்லை. 1980களின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு நான் செயலாளராக இருந்தேன். ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. பாரம் நிரப்புவது, காசு வசூலிப்பது, ஆள் வரவில்லை என்றால் பொதுத் தொலைபேசியில் பத்து காசு போட்டு வீடு வீடாகக் கூப்பிடுவது, இதுதான் என் வேலை.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். இங்கே காற்பந்துக் கோப்பைப் போட்டி 1892-இல் தொடங்கியது. ஆங்கிலேய ராணுவப் பிரிவுகளும் வெள்ளைக்காரர் மன்றங்களுமே ஆரம்பத்தில் ஆடின. நம்மவர்கள் திடலுக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1920களில்தான் சமூகச் சங்கங்கள் வலுப்பெற்றன. சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923-இல் உருவானது. சிலோன் விளையாட்டு மன்றம் 1928-இல் வந்தது. சீக்கியர்களின் கால்சா சங்கம் 1931-இல் அமைந்தது. மூன்றும் பாலஸ்டியர் சாலை, டெசன்சன் சாலைப் பக்கம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இடம் பிடித்தன. இந்தியர் சங்கக் கட்டடத்திற்கு 1950-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார் என்பது பலருக்கு நினைவிருக்கும். 1929 டிசம்பர் 26-ஆம் தேதி திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கமும் பக்கத்தில்தான்.

இவற்றுக்கு நடுவே ஃபேரர் பார்க் திடல். 1843 முதல் 1933 வரை அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதனால் வந்ததுதான். 1911-இல் சிங்கப்பூர் மண்ணிலிருந்து முதல் விமானம் பறந்ததும் அங்கிருந்துதான். 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி, சரணடைந்த பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை அங்கே நிறுத்தி ஜப்பானியர் பேசினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்லில்தான் தொடங்குகிறது. போருக்குப் பிறகு அதே புல்லில் மாலை நேரத்தில் எத்தனை பந்துகள் உருண்டன என்பதற்குக் கணக்கே கிடையாது. அங்கிள் சூ பயிற்சி கொடுத்ததும் அங்கேதான். தேக்காவிலிருந்தும் சிராங்கூன் சாலைச் சந்துகளிலிருந்தும் வெறுங்காலோடு ஓடிவந்த பையன்களுக்குக் காசு கேட்காத பள்ளிக்கூடம் அது.

இன்னொரு பக்கம் வேலையிடக் குழுக்கள். துறைமுகம், நகராட்சி, ராணுவ முகாம், பெரிய வணிக நிறுவனங்கள் என்று எங்கெல்லாம் தொழிலாளர்கள் கூட்டமாக இருந்தார்களோ அங்கெல்லாம் ஒரு குழு இருந்தது. வணிக நிறுவனங்களுக்கென்றே தனி லீக் நடந்தது. எங்கள் குழுவும் அப்படிப் பிறந்ததுதான். செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்மவர்கள் 'நேவல் பேஸ்' என்றே சொல்வோம். அதன் குடியிருப்பில் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர். அப்பா தளத்தில் வேலை, பிள்ளை திடலில் ஆட்டம். கடற்படைப் பட்டறை 1968-இல் வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின. குடியிருப்புகள் கலைந்தன. ஒரே வரிசையில் வீடு இருந்தவர்கள் அங் மோ கியோ, பிடோக், கிளமெண்டி என்று வீவக வீடுகளுக்குச் சிதறினார்கள். குழு மட்டும் சிதறவில்லை. சொல்லப்போனால், பழைய அண்டை வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்றால் ஆட்டத்துக்குத்தான் வர வேண்டும் என்ற நிலை.

இந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக வழக்கறிஞர் நடேசன் கணேசன் வந்தார். மலேசியக் கிண்ண ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து 1974-இல் புதிய தேசிய விளையாட்டரங்கத்துக்குத் துணிந்து மாற்றியவர் அவர். அவ்வளவு பெரிய அரங்கத்தை யார் நிரப்புவது என்று கேட்டவர்கள் பிறகு நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அவர் காலத்தில்தான் 1975-இல் தேசியக் காற்பந்து லீக் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டிருந்த சங்கங்கள் இணைக்கப்பட்டு முப்பதாகச் சுருங்கின. நல்ல ஆட்டக்காரர்கள் சில குழுக்களில் ஒன்றுசேர்ந்தால் ஆட்டத்தின் தரம் உயரும் என்பது கணக்கு. இரண்டே ஆண்டில் கிண்ணம் வந்தது. கணக்கு தப்பவில்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் அந்தக் கணக்கில் நாங்களும் ஓர் எண்தான். எங்கள் குழு வேறு குழுக்களோடு இணைக்கப்பட்டது. பெயர் போனது, சட்டையின் நிறம் போனது. தெருவின் பெயரைச் சுமந்த குழுவுக்காக ஓடியவர், அதுவரை எதிரணியாக இருந்தவருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழகிக்கொண்டோம். பழகிக்கொள்ளாதவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பிறகு பார்க்கவும் வருவதில்லை.

1982-ஆம் ஆண்டுப் பருவத்தை நான் நன்றாக நினைவு வைத்திருக்கக் காரணம், அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி சிங்கப்பூரின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்துக்கு மாறியது, நாமும் கூடவே மாறினோம். காலையில் இருட்டோடு எழ வேண்டியிருக்கிறதே என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது. எங்களுக்கோ அது கொண்டாட்டம். கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கு விளக்கு வெளிச்சம் ஏது? அதற்கு முன் ஆறரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கும். வேலை முடிந்து பஸ் பிடித்து வருபவன் முதல் பாதியைத் தவறவிடுவான். கடிகாரம் மாறிய பிறகு ஏழு மணி வரை பந்து கண்ணுக்குத் தெரிந்தது. அரசாங்கம் காற்பந்தை நினைத்து இதைச் செய்திருக்காது. இருந்தாலும், எங்கள் குழுவுக்குக் கிடைத்த ஒரே மானியம் அந்த அரை மணி நேரம்தான்.

பருவம் பாரத்தோடு தொடங்கும். ஆளுக்கு இரண்டு கடப்பிதழ் அளவுப் படம், அடையாள அட்டை எண், கையெழுத்து. இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். கப்பல் பட்டறையில் அவசரமாகப் பழுதுபார்க்க ஒரு கப்பல் வந்திருந்ததால் நான்கு பேருக்கு மிகைநேர வேலை. இருவர் தேசிய சேவையில் முகாமுக்குள். ஒருவருக்கு நிச்சயதார்த்தம். அதைக் குறை சொல்ல முடியுமா? ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே கிடையாது. ஒன்பது பேர் இருந்ததால் ஆடினோம், நன்றாகவே தோற்றோம்.

எங்கள் கோல்காவலர் டாக்சி ஓட்டுநர். வாடகை வண்டி, ஒரு மணி நேரம் நின்றாலும் நஷ்டம். கோல் கம்பத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஆடுவார். இடைவேளையில் யாராவது தோ பாயோ போக வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வதற்குள் அவருக்கு முகம் வாடிவிடும். சட்டைகளைத் துவைத்துத் தந்தவர் ஓர் ஆட்டக்காரரின் தாயார். யார் விழுந்து புரண்டான், யார் ஓடாமல் நின்றான் என்பதைச் சட்டையில் இருக்கும் சேற்றை வைத்தே சொல்லிவிடுவார். "நாலாம் நம்பரு சட்டை அப்படியே இருக்கே, தம்பி நேத்து ஆடுனாரா இல்லையா?" என்று அவர் கேட்டது குழு முழுவதற்கும் தெரிந்துபோய், நாலாம் எண்காரர் அடுத்த ஆட்டத்தில் தேவையில்லாமல் நான்கு முறை சறுக்கி விழுந்தார்.

ஆளுக்கு இரண்டு வெள்ளி வசூல். அதில் பந்துக்கும் பஞ்சுக்கும் போக மிச்சம் காப்பிக் கடைக்கு. எம்ஆர்டி 1987 நவம்பரில்தான் வந்தது. ஜூரோங்கில் ஆட்டம் என்றால் செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். முப்பத்தைந்து வயதில் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அப்படி வந்து, கடைசி இருபது நிமிடம் மட்டும் ஆடிவிட்டுத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஏன் வந்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆட்டங்கள் தள்ளிப் போயின. திடல் மூடப்பட்டது என்ற செய்தி பல நாள் நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். கடைசி ஆட்டத்தில் சமநிலை கண்டாலே கடைசி இடத்திலிருந்து தப்பிவிடலாம். எட்டுப் பேரோடு தொடங்கினோம். பதினைந்து நிமிடத்தில் பத்துப் பேர் ஆனோம். இடைவேளைவரை 1-1. பிறகு சேற்றில் நின்ற பந்தை எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் உதைக்க, அது அவர் காலிலேயே ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட, எதிரணிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். 2-1. கடைசி இடம்.

அடுத்த ஆண்டுக்கான பதிவுப் பாரம் தபாலில் வந்தது. எனக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது, வேலையும் இரவு நேரத்துக்கு மாறியிருந்தது. பாரம் மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று நாளை என்று தள்ளிப்போட்டு, கெடுத் தேதி போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. நான்கைந்து பேர் தொலைபேசியில் கேட்டார்கள், சரிண்ணே என்று வைத்துவிட்டார்கள். 1975-ஆம் ஆண்டுச் சீரமைப்பு எங்கள் பெயரை எடுத்தது உண்மை. ஆனால் குழுவை முடித்தது அதுவல்ல. ஒரு பாரத்தை நிரப்பாத நான்தான். இருபத்திரண்டு பேரின் குழு ஒரே ஆளின் இழுப்பறையை நம்பி இருந்திருக்கிறது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

எல்லாக் குழுக்களுக்கும் இந்தக் கதி வரவில்லை. தெம்பனிஸ் ரோவர்ஸ் 1945-இல் ஒரு மரத்தடியில் கூடிய சில ஆர்வலர்களால் தொடங்கப்பட்டது. 1979, 1980, 1984 ஆண்டுகளில் தேசிய லீக்கை வென்றது. கேலாங் இண்டர்நேஷனல் 1988 முதல் 1993 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றது. 1996 ஏப்ரலில் நிபுணத்துவ லீக்கான எஸ்-லீக் தொடங்கியபோது எட்டுக் குழுக்களில் பெரும்பாலானவை இப்படிச் சம்பளமில்லாமல் வளர்ந்தவைதான். அவற்றில் ஒன்றான செம்பவாங் ரேஞ்சர்ஸ், செம்பவாங் விளையாட்டு மன்றமும் ஜிப்ரால்ட்டர் கிரசெண்ட் குழுவும் சேர்ந்து உருவானது. ஜிப்ரால்ட்டர் கிரசெண்ட் என்பது எங்கள் பழைய தளத்துச் சாலை ஒன்றின் பெயர். அந்தப் பெயரைச் செய்தியில் படித்த அன்று நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் அங்கே வருடந்தோறும் பாரத்தை நிரப்பியிருக்கிறார்.

இன்றும் கீழ்ப்பிரிவு இருக்கிறது. கொவிட் காலத்தில் நின்றுபோன தேசிய லீக், 2022-இல் சிங்கப்பூர்க் காற்பந்து லீக் என்ற பெயரில் இரண்டு பிரிவுகளாகத் திரும்பி வந்தது. வேலை முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அதிலும் இருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் உண்டு, செயற்கைப் புல் உண்டு, திடல் மூடப்பட்டது கைப்பேசியிலேயே தெரிந்துவிடுகிறது. ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டப்படும், நடுவில் ஒரு விளையாட்டுத் திடல் இருக்கும் என்று வீவக 2021-இல் அறிவித்தது. வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் மகனே வீட்டுக்காகக் காத்திருந்தவன்தான். ஆனால் முன்பதிவு இல்லாமல், கட்டணம் இல்லாமல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஓடக்கூடிய புல்லாக அந்தத் திடல் இருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். நிபுணத்துவக் குழுக்களின் படங்கள் நூலகத்தில் இருக்கின்றன. கீழ்ப்பிரிவுக் குழுக்களின் படங்கள் உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். முன்வரிசையில் ஐந்து பேர் மண்டியிட்டு, பின்வரிசையில் ஆறு பேர் கைகட்டி நிற்கும் படம். அப்பாவோ பெரியப்பாவோ உயிரோடு இருக்கும்போதே அதை எடுத்துக் காட்டி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். என்னிடம் இருக்கும் படத்தில் பத்துப் பேருக்கு எழுதிவிட்டேன். பதினொன்றாமவர் முழங்காலில் கட்டுப் போட்டவர். அவரை எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயர் என் நினைவில் இல்லை. பாரத்தில் இருந்திருக்கும்.