முல்பாகல் பாறையும் பரங்கிமலையும்

பெங்களூரிலிருந்து கோலார், சித்தூர் வழியாகச் சென்னைக்குப் போகும் நம்மவர்கள் முல்பாகலில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் தோசைக்காகத்தான். ஊரைச் சுற்றியுள்ள பாறைகளையும் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கலாம்.

1768 அக்டோபர் 4. முதல் மைசூர்ப் போர் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி மீட்டுக்கொண்ட முல்பாகல் கோட்டையைத் திரும்பப் பிடிக்க வந்திருந்தார் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் உட். எதிரே தெரிவது சிறு படை என்று எண்ணிக் கொஞ்சம் பேரோடு முன்னே போனார். அங்கே நின்றது ஹைதரின் முழுப் படை. உட்டின் பட்டாளம் நிலைகுலைந்தது.

மூட்டைமுடிச்சுகளுக்குக் காவலாகப் பின்னால் விடப்பட்டிருந்தவர் கேப்டன் புரூக். அவரிடம் இருந்தவை நான்கு சிப்பாய் அணிகளும் இரண்டு பீரங்கிகளும். நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் கூட்டிக்கொண்டு, மறைவான வழியாகச் சுற்றிப்போய், ஒரு தட்டைப் பாறைமேல் பீரங்கிகளை ஏற்றிவிட்டார். சுட்டுக்கொண்டே அத்தனை பேரும் “ஸ்மித்! ஸ்மித்!” என்று கத்தினார்கள். கர்னல் ஜோசப் ஸ்மித் அந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆனாலும் அவர் வந்துவிட்டார் என்று இரு தரப்புமே நம்பின. ஹைதரின் வீரர்கள் பின்வாங்க, உட் தம் அணியைத் திரட்டிக்கொண்டார்.

பலித்தது பீரங்கியைவிடப் பெயர்தான். முந்தைய ஆண்டு திருவண்ணாமலையில் ஹைதர், நிஜாம் கூட்டுப் படையை முறியடித்தவர் ஸ்மித். உட்டின் பெயரைக் கூவியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

ஆனால் ஹைதர் சில மாதங்களில் செய்தது இதைவிடப் பெரிய வேலை என்பேன். 1769 மார்ச்சில் கும்பினியின் பெரும்படையைத் தெற்கே வெகுதூரம் இழுத்துவிட்டு, சுமார் 6,000 குதிரை வீரர்களோடு திடீரென்று திரும்பினார். பீரங்கி ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது. மூன்றரை நாளில் ஏறத்தாழ 130 மைல் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். பீரங்கியில்லாமல் ஜார்ஜ் கோட்டையைப் பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனால் மதிலுக்கு வெளியே இருந்த தோட்ட வீடுகளுக்கும் ஊர்களுக்கும் யார் காவல்? சென்னைக் கவுன்சில் தன் உறுப்பினர் தூ பிரேயைப் பேச்சுக்கு அனுப்பியது. ஏப்ரலில் உடன்படிக்கை ஆயிற்று: பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணை நிற்பது.

இரண்டாம் வாக்கைக் கும்பினி காப்பாற்றவில்லை. 1771-இல் மராத்தியரிடம் அடிபட்டு ஹைதர் உதவி கேட்டபோது சென்னையிலிருந்து படை வரவில்லை. 1780-இல் அவர் ஆற்காட்டுச் சீமைக்குள் மறுபடி இறங்கியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.