சிறுவர் தீக்காயங்கள்

சிறுவர் தீக்காயங்கள் என்பவை வெப்பம், மின்சாரம், வேதிப்பொருட்கள் முதலியவற்றால் சிறுவர்களின் தோலிலும் அதன் கீழுள்ள இழையங்களிலும் ஏற்படும் காயங்கள் ஆகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், நெருப்பை விடச் சுடுநீர், தேநீர், குழம்பு போன்ற சூடான நீர்மங்களால் ஏற்படும் காயங்களே மிகுதி.

தனித்தன்மைகள்

குழந்தையின் தோல் பெரியவரின் தோலை விட மெல்லியது. ஆகவே ஒரே வெப்பநிலையில் குறைந்த நேரத்திலேயே ஆழமான காயம் உண்டாகிறது. உடல் எடையுடன் ஒப்பிடுகையில் தோற்பரப்பு கூடுதலாக இருப்பதால், உடல்நீரும் உடல்வெப்பமும் விரைவாக இழக்கப்படுகின்றன.

முதலுதவி

* வெப்பத்தின் மூலத்திலிருந்து குழந்தையை அகற்றி, சூடான நீர்மம் ஊறிய உடைகளையும் அணிகலன்களையும் கழற்ற வேண்டும். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது.
* காயத்தின் மீது ஓடும் குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடங்கள் விட வேண்டும். காயம் ஏற்பட்டு மூன்று மணி நேரம் வரை இது பயன் தரும். குழந்தை குளிரால் நடுங்காதவாறு உடலின் மற்றப் பகுதிகளைப் போர்த்தி வைத்தல் அவசியம்.
* பின்னர் ஒட்டாத தூய துணியால் காயத்தைத் தளர்வாக மூட வேண்டும்.

பனிக்கட்டி குருதியோட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். பேனா மை, பற்பசை, மாவு முதலியவற்றைப் பூசுவது நோய்த்தொற்றுக்கு வழிவகுப்பதுடன், மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் கணிப்பதையும் கடினமாக்கும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் ஏற்படும் காயங்களுக்கும், மின்சாரக் காயங்களுக்கும், புகையைச் சுவாசித்தவர்களுக்கும் காயத்தின் அளவு எதுவாயினும் உடனடி மருத்துவ உதவி தேவை.

பரப்பைக் கணித்தல்

பெரியவர்களுக்குப் பயன்படும் 'ஒன்பதுகளின் விதி' குழந்தைகளுக்குப் பொருந்தாது. அவ்விதிப்படி தலை 9 விழுக்காடு, ஒரு கால் 18 விழுக்காடு ஆகும். கைக்குழந்தைக்கோ தலை ஏறத்தாழ 19 விழுக்காடு, ஒரு கால் ஏறத்தாழ 14 விழுக்காடு. வயதுக்கேற்ற இவ்வேறுபாட்டைக் காட்டும் அட்டவணையை லண்ட், பிரவுடர் ஆகியோர் 1944 இல் வெளியிட்டனர். சிறு காயங்களை அளக்க, விரல்கள் உட்பட அக்குழந்தையின் உள்ளங்கையை 1 விழுக்காடாகக் கொள்வர். வெறுமனே சிவந்த தோல் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

மருத்துவமனைச் சிகிச்சை

காயம் உடற்பரப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாகச் சிரைவழியே நீர்மம் செலுத்தப்படுகிறது. சிறுவருக்கான ஒரு வழக்கமான கணிப்பு: 3 மி.லி. × எடை (கி.கி.) × காய விழுக்காடு. எடுத்துக்காட்டாக, 10 கி.கி. எடையும் 20 விழுக்காடு காயமும் உள்ள குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்தில் 600 மி.லி. தேவை. இதில் பாதி முதல் 8 மணி நேரத்திலும், மீதி அடுத்த 16 மணி நேரத்திலும் தரப்படும். இந்நேரம் மருத்துவமனையை அடைந்ததிலிருந்து அல்லாமல், காயம் ஏற்பட்டதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. குழந்தையின் கல்லீரலில் கிளைக்கோசன் சேமிப்பு குறைவு என்பதால், அன்றாடத் தேவைக்கான நீர்மம் குளுக்கோசுடன் தனியே கொடுக்கப்படும். மணிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மி.லி. சிறுநீர் வெளியேறுவது நீர்மம் போதுமானது என்பதற்கான அடையாளம் ஆகும்.

வலிநீக்கம், ஏற்பு வலித் தடுப்பூசி, புரதம் மிகுந்த உணவு ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளாகும். ஆழமான காயங்களுக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

மறுவாழ்வு

குழந்தை வளரும் வேகத்துக்குத் தழும்பு வளர்வதில்லை. இதனால் மூட்டுகள் மடங்கி இறுகக்கூடும். சிம்புகள், அழுத்த ஆடைகள், இயன்முறைப் பயிற்சி ஆகியவை இதைக் குறைக்கின்றன. வளர்ச்சி முடியும் வரை தொடர் கண்காணிப்பும், சில வேளைகளில் மீண்டும் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

தடுப்பு

* குளியல் தொட்டியில் முதலில் குளிர்ந்த நீரையும் பின்னரே சுடுநீரையும் ஊற்றுதல்
* குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூடான பானம் அருந்தாதிருத்தல்
* தரையில் வைத்து அடுப்பு மூட்டுவதைத் தவிர்த்தல்
* பாத்திரங்களின் கைப்பிடியை அடுப்பின் உட்புறமாகத் திருப்பி வைத்தல்