இராசபாளையம் நாய்

இராசபாளையம் நாய் என்பது விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராசபாளையத்தின் பெயரால் அழைக்கப்படும் வேட்டைநாய் இனமாகும். மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும். பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அடையாளங்கள். இந்திய அஞ்சல்துறை 2005 இல் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் இவ்வினமும் இடம்பெற்றது.

காது கேளாமை

பெரிதும் விரும்பப்படும் வெண்மையே இவ்வினத்தின் முதன்மையான குறைபாட்டுடன் தொடர்புடையது. உட்காதில் நிறமி உயிரணுக்கள் இல்லாத குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உணர்வணுக்கள் அழிந்துவிடுகின்றன. இக்குறை மரபுவழிப்பட்டது, எனவே இத்தகைய நாய்களை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தலாகாது. ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கைதட்டிக் கண்டறிய இயலாது. மூளைத்தண்டின் மின் துலங்கலை அளக்கும் சோதனை தேவைப்படும்.

கேளாத நாய் மூர்க்கமானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது திடுக்கிடும்போதே கடிக்க முற்படலாம். உறங்கும் நாயைத் திடீரெனத் தொடாமல், தரையைத் தட்டி அதிர்வினால் எழுப்புவது நன்று. குழந்தைகளுக்கும் இதைக் கற்பிக்க வேண்டும். கட்டளைகளைக் கையசைவுகளால் எளிதில் பழக்கலாம். வண்டியோசை கேளாது என்பதால், தெருவில் கழுத்துவார் இன்றி விடலாகாது.