ஆஸ்டியோபதி மாணவர்களும் கதிரியல் ரெசிடென்சியும் (அமெரிக்கா)

அமெரிக்காவில் டாக்டராவதற்கு இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று எம்.டி.; மற்றொன்று டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். இரண்டும் நான்காண்டுப் படிப்பு. மருந்து எழுதவும் அறுவை செய்யவும் இரு பட்டத்தாருக்கும் ஒரே உரிமை. டி.ஓ. மாணவர்கள் கூடுதலாக, தசைகளையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் முறையைச் சுமார் 200 மணி நேரம் பயில்கிறார்கள். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் கைச்சிகிச்சையாளர் மட்டுமே, மருத்துவர் அல்லர், அமெரிக்க டி.ஓ.வை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்று அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார். அவர்களுக்குக் கதிரியல் (ரேடியாலஜி) மேற்பயிற்சியான ரெசிடென்சியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு நூறாண்டாக ஏறி இறங்கி வந்திருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு மாணவர்களின் திறமையைவிட, எந்த வாசலை யார் திறந்து வைத்தார்கள் என்பதே பெரிய காரணம்.

தொடக்கம்

ஆஸ்டியோபதியை நிறுவியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-இல் மூளைக்காய்ச்சலில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தபின், அக்கால மருந்துகள் மேல் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போனது. 1874-இல் தம் கொள்கையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் கல்லூரி தொடங்கினார். மருந்தை ஒதுக்கிய இந்தக் கல்லூரி எக்ஸ்ரேயை மட்டும் ஆவலோடு வாங்கிக்கொண்டது. ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில்; 1898-இலேயே கிர்க்ஸ்வில்லில் கருவி வந்து இறங்கிவிட்டது. எடின்பரோவில் படித்து வந்து அங்கே உடற்கூறு கற்பித்த வில்லியம் ஸ்மித், இறந்த உடல்களின் ரத்தக்குழாய்களில் கதிர் ஊடுருவாத கரைசலைச் செலுத்திப் படமெடுத்தார். எலும்பு நிலை பிறழ்வதே நோய்க்கு மூலம் என்று நம்பியவர்களுக்கு எலும்பைக் காட்டும் கருவி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் அமெரிக்க மருத்துவச் சங்கம் (ஏ.எம்.ஏ.) ஆஸ்டியோபதியைப் போலி மருத்துவமாகவே நடத்தியது. எம்.டி.க்களின் மருத்துவமனைகளில் டி.ஓ.க்களுக்குப் பயிற்சி கிடையாது. எனவே அவர்கள் மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் சொந்த மருத்துவமனைகளைக் கட்டினார்கள். கதிரியலுக்கெனச் சொந்தச் சான்றிதழ் வாரியத்தை 1939-இல் அமைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போக, ஊரில் இருந்த நோயாளிகள் டி.ஓ.க்களிடம் வந்து சேர்ந்தார்கள். அவமதிப்பாகத் தொடங்கியது தொழிலுக்கு ஆதாயமாக முடிந்தது.

1962-இல் கலிஃபோர்னியாவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுபெறாது. அங்கே 65 டாலர் கட்டணம் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி. பட்டமாக மாற்றிக்கொள்ளலாம் என்று இரு சங்கங்களும் உடன்பாடு செய்துகொண்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாற்றிக்கொண்டார்கள். நேற்றுவரை போலி என்று சொல்லப்பட்ட படிப்பு 65 டாலரில் அசலாகிவிடும் என்றால், பழைய வாதத்தில் மருத்துவம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. 1966-இல் ராணுவம் டி.ஓ.க்களை ஏற்றது. 1969-இல் ஏ.எம்.ஏ. தன் அங்கீகாரம் பெற்ற பயிற்சியிடங்களை அவர்களுக்குத் திறந்துவிட்டது. 1973-இல் மிசிசிப்பி முழு உரிமை வழங்கியதோடு எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன.

இரண்டு மேட்ச்கள்

அமெரிக்காவில் ரெசிடென்சி இடங்களை ‘மேட்ச்’ தீர்மானிக்கிறது. நேர்காணல் முடிந்ததும் மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளையும், மருத்துவமனைகள் தாம் விரும்பும் மாணவர்களையும் வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். கணினி ஜோடி சேர்க்கும். 1952 முதல் நடக்கும் இம்முறையை 1990களில் திருத்தியமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012-இல் பொருளாதார நோபல் பெற்றார். முடிவு வந்தால் இருதரப்புக்கும் அதுவே இறுதி, பின்வாங்க முடியாது.

டி.ஓ.க்களுக்குத் தனி மேட்ச் இருந்தது. அதன் முடிவு பிப்ரவரியிலும், பொது மேட்ச்சின் முடிவு மார்ச்சிலும் வரும். பிப்ரவரியில் இடம் கிடைத்தவரின் பெயர் பொது மேட்ச்சிலிருந்து தானாக நீங்கிவிடும். கதிரியலை விரும்பும் டி.ஓ. மாணவருக்கு இதில்தான் சிக்கல். தம்மவர் மருத்துவமனைகளில் கதிரியல் இடங்கள் குறைவு. ஒஹாயோ மாநிலம் டேட்டனின் கிராண்ட்வியூ, டெட்ராய்ட் புறநகரின் பாட்ஸ்ஃபோர்ட் போன்ற சில மருத்துவமனைகளே வழங்கின. ஆனால் அங்கே போட்டியிட எம்.டி.க்கள் வர முடியாது. பல்கலைக்கழக மருத்துவமனையின் பெரிய துறைக்கு ஆசைப்பட்டு மார்ச் வரை காத்திருந்தால், இந்தப் பாதுகாப்பான இடமும் கைவிட்டுப் போகும்.

அதோடு தீரவில்லை. பென்சில்வேனியா, மிச்சிகன், ஃப்ளோரிடா, ஒக்லஹோமா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் உரிமம் பெற, ஆஸ்டியோபதிச் சங்கம் ஏற்ற முதலாண்டுப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. பொது மேட்ச்சின் புள்ளிவிவரங்களிலோ நெடுங்காலம் டி.ஓ. மாணவர்களை வெளிநாட்டில் படித்தவர்களோடு சேர்த்து ‘தனி விண்ணப்பதாரர்’ என்றே கணக்கிட்டார்கள். மிசௌரியில் பிறந்து மிசௌரியிலேயே படித்தவருக்கும் அதே பெயர்தான்.

துறையின் ஏற்ற இறக்கம்

கதிரியலின் மவுசும் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1990களின் நடுவில், காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் கட்டுப்படுத்தியதால் வேலை கிடைக்காது என்ற பேச்சு பரவி, மாணவர்கள் ஒதுங்கினார்கள். 2000களில் சி.டி., எம்.ஆர்.ஐ. பெருகவே துறை உச்சத்துக்குப் போனது. 2008 நிதி நெருக்கடிக்குப்பின் மூத்தவர்கள் ஓய்வைத் தள்ளிப்போட, படமெடுப்புக்கான கட்டணமும் குறைய, 2010களின் முற்பகுதியில் இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. 2016-இல் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் இனிக் கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கவே வேண்டாம் என்ற பொருளில் பேசியது பயத்தைக் கூட்டியது. எம்.டி. மாணவர்கள் தயங்கிய அந்த ஆண்டுகளில்தான் பல மருத்துவமனைகளின் கதிரியல் துறைகள் முதன்முறையாக டி.ஓ.க்களை அழைத்துப் பார்த்தன. உள்ளே போனவர்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அது எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும்விடப் பெரிய உதவி. 2020க்குப்பின் படங்களின் எண்ணிக்கை எகிற, ஆள் பற்றாக்குறை வந்தது. வீட்டிலிருந்தே படம் பார்க்கும் வசதியும் சேர, போட்டி மறுபடி கடுமையானது.

ஒரே அங்கீகாரம்

2014-இல் எம்.டி., டி.ஓ. இரு தரப்பின் அமைப்புகளும் ஒப்பந்தம் செய்தன. 2015 ஜூலையில் தொடங்கி 2020 ஜூனுக்குள் எல்லாப் பயிற்சியிடங்களும் ஒரே அங்கீகார அமைப்பின்கீழ் வந்தன. டி.ஓ.க்களின் தனி மேட்ச் 2019-இல் கடைசியாக நடந்தது. பெரிய வாசல் திறந்த அதே நாளில் சொந்த வாசலுக்குள் எம்.டி.க்களும் வர உரிமை பெற்றார்கள். நட்டம் என்றே பலர் கணித்தார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. பொது மேட்ச்சில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்கள் இடம்பெறும் விகிதம் 2020-இல் 90.7 சதவீதமாக இருந்து 2024-இல் 92.3 ஆனது, அவ்வாண்டு எம்.டி.க்களுக்கு 93.5. இது எல்லாத் துறைகளுக்கும் சேர்ந்த கணக்கு. டி.ஓ.க்களில் கணிசமானோர் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம் போன்ற துறைகளுக்கே விண்ணப்பிப்பதால், கதிரியலின் நிலையை இந்த எண்ணில் அப்படியே காண முடியாது. ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட டி.ஓ.க்கள் கதிரியலில் இடம் பெறுகிறார்கள். ஆனாலும் பெயர்பெற்ற சில மருத்துவமனைகளின் கதிரியல் பயிற்சியாளர் பட்டியலில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்றைய தடைகள்

முதல் தடை இரட்டைத் தேர்வு. டி.ஓ. மாணவர் பட்டம் பெற ‘காம்லெக்ஸ்’ எழுதியாக வேண்டும். அதன் இரண்டாம் நிலை 352 கேள்விகள். காலை நான்கு மணி நேரம், மாலை நான்கு மணி நேரம். அதன் மதிப்பெண் 500-ஐ ஒட்டிய அளவுகோலில் வரும். எம்.டி.க்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. மதிப்பெண்களோ 250-ஐ ஒட்டியவை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டும் துறைத்தலைவர் ‘610’ என்ற எண்ணைக் கண்டால் எதோடு ஒப்பிடுவது? அதனால் கதிரியலுக்குக் குறிவைக்கும் டி.ஓ. மாணவர் ஒன்பது மணி நேர யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சில வார இடைவெளியில் எழுதுகிறார். இரண்டுக்கும் கட்டணம் கட்டுகிறார். 2022-இல் இரு தேர்வுகளின் முதல் நிலையும் வெறும் தேர்ச்சி–தோல்வியானது. மன அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் கல்லூரிப் பெயர் சிறிதானாலும் மதிப்பெண்ணால் தலைநிமிர்ந்தவர்களுக்கு ஒரு துருப்புச்சீட்டு போனது. பாரம் முழுக்க இரண்டாம் நிலையின் மேல் விழுந்தது.

இரண்டாவது, பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்தப் போதனா மருத்துவமனை இல்லை. மாணவர்கள் ஊர் ஊராகச் சிறு மருத்துவமனைகளில் பயில்கிறார்கள். ஆய்வுக்கட்டுரையில் சேர்த்துக்கொள்ளவும், பெயர் தெரிந்தவராய்ச் சிபாரிசுக் கடிதம் எழுதவும் பக்கத்தில் கதிரியல் பேராசிரியர் இருப்பதில்லை. வேறு ஊரில் ஒரு மாதம் போய் முகம் காட்டுவது அறுவைத் துறைகளில் பலன் தரும். கதிரியலில் அந்த மாதம் இருட்டறையில், படம் பார்ப்பவரின் முதுகுக்குப்பின் நாற்காலி போட்டு உட்காருவதில் கழியும். திறமை காட்ட இடம் கொஞ்சம். ‘உங்கள் துறையே எனக்கு முதன்மை’ என்று விண்ணப்பத்தோடு தங்கம், வெள்ளி எனக் குறிப்பனுப்பும் முறை அண்மையில் வந்திருக்கிறது. டி.ஓ.க்களை முன்பே சேர்த்திருக்கும் துறைகளுக்கு அந்தக் குறிப்புகளைச் செலவிடுவதே அனுபவசாலிகள் சொல்லும் வழி.

படத்தின் துணையோடு செய்யும் சிகிச்சையான இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிக்கு நேரடிச் சேர்க்கை 2010களின் நடுவிலிருந்து உண்டு. மொத்த இடங்களே சில நூறுக்குள் இருப்பதால் டி.ஓ.க்களுக்கு அது இன்னும் எட்டாக்கனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பலர் சாதாரணக் கதிரியலில் சேர்ந்து, பின்னர் அப்பக்கம் திரும்புகிறார்கள். பயிற்சி முடிந்தபின் சான்றிதழுக்கு டி.ஓ.க்கள் அமெரிக்கக் கதிரியல் வாரியத்தையும் நாடலாம், 1939-இன் ஆஸ்டியோபதி வாரியத்தையும் நாடலாம். முன்பு தம்மவர் மருத்துவமனையில் பயின்றவர்களுக்கு முதல் வாரியத்தின் தேர்வு எழுத வழியில்லை. 2020க்குப்பின் அந்த வேறுபாடு இல்லை.