சூடாமணி விகாரம்: எஞ்சியதும் இழந்ததும்

சோழமண்டலக் கடற்கரையில் சிறந்து விளங்கிய துறைமுகங்களுள் நாகப்பட்டினமும் ஒன்று. அவ்வூரில் கடாரத்து மன்னன் எழுப்பிய பௌத்தப் பள்ளியே சூடாமணி விகாரம். ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அதனை நிறுவினான். மலேசியத் தமிழ் மாணவர்க்கு அந்தக் கடாரம் அயல்நாடன்று. இன்றைய கெடா மாநிலமே அது.

முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். சிவநெறியில் நின்ற வேந்தன், வேற்று நாட்டு மன்னன் எழுப்பிய வேற்றுச் சமயப் பள்ளிக்கு ஊரையே ஈந்தான் என்பது எண்ணத்தக்கது. 21 ஏடுகளில் பொறிக்கப்பெற்ற அந்த அறக்கொடைச் சாசனம், பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடு எனப் பெயர் பெற்றது.

1025இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது படையெடுத்தான். ஆயினும் விகாரம் வாழ்ந்தது. 1090இல் கடாரத்துத் தூதர் வேண்டிக்கொள்ள, முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்குரிய ஊர்களின் உரிமைகளை உறுதி செய்தான். இச்செய்தியைக் கூறுவது சிறிய லெய்டன் செப்பேடு. போர் மூண்ட நாடுகளுக்கிடையிலும் அறம் அறுபடவில்லை.

போர் அழிக்காததை அமைதிக் காலம் அழித்தது. நாகப்பட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை செங்கற் கோபுரம் ஒன்று சிதைந்த நிலையில் நின்றது. நாற்புறமும் மூன்று நிலைகளும் கொண்ட அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அழைத்தனர். சர் வால்டர் எலியட் 1846இல் கண்ட அக்கோபுரத்தைப் பற்றி எழுதி வைத்தார். 1867இல் சென்னை அரசின் இசைவோடு, அங்கிருந்த கல்லூரியின் பொருட்டு அது இடிக்கப்பட்டது. அக்கல்லூரியும் 1883இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்துவிட்டது.

அக்கோபுரம் சூடாமணி விகாரத்தைச் சேர்ந்தது என்பாரும், சீனர்க்கெனத் தனியே எழுந்தது என்பாரும் உளர். கட்டடம் நின்றிருப்பின் ஆய்ந்து தெளியலாம். இடித்தபோது மறைந்தவை செங்கற்கள் மட்டுமல்ல. வினாவுக்குரிய விடையும் மறைந்தது.

மண்ணுள் கிடந்தவையே பிழைத்தன. 1856 முதல் 1930களின் காலம் வரை நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது.

தொல்சின்னங்களைக் காக்கும் சட்டம் இந்தியாவில் 1904இல் வந்தது. கோபுரம் வீழ்ந்து 37 ஆண்டுகள் கழிந்திருந்தன. சட்டம் வந்தால் மட்டும் போதுமா? மலேசியாவில் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. எனினும் கெடாவின் பூசாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண்ணுடைய சண்டி, வீட்டுமனைப் பணிக்காக நிலம் திருத்தப்பட்டபோது இடிக்கப்பட்டது. அது 2013இல் வெளிப்பட்டது. நாகப்பட்டினத்து இழப்பு கடாரத்திலும் நிகழ்ந்தது.

அரசாணை காவலுக்கு ஆள் நிறுத்தும். ஆனால் ஊரார் உள்ளத்தில் மதிப்பை விதைப்பது கல்வியே. தம் ஊர் மேட்டில் கிடக்கும் செங்கல் யாருடையது என்று கேட்கும் மாணவன் ஒருவன் இருப்பின், அம்மேட்டை எளிதில் எவரும் அழிக்க இயலாது. அவ்வினாவை எழுப்புவது ஆசிரியர் கடன்.