கேலியும் நகைச்சுவையும்: ஒரு சொல்வரலாறு

நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு எனக் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எள்ளலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. நகைக்கும் எள்ளலுக்குமுள்ள இவ்வுறவு அன்றாடச் சொற்களின் வரலாற்றிலும் புலப்படுகிறது. வடமொழியில் 'விகட' என்பது கோர உருவத்தையும், 'கேலி' என்பது விளையாட்டையும் குறித்தன. தமிழில் விகடம் சிரிப்பூட்டும் பேச்சாயிற்று. 1926இல் தோன்றிய ஆனந்த விகடன் இதழின் பெயர் இப்பொருளையே சுட்டுகிறது. கேலியோ பரிகாசமாயிற்று. முன்னதன் பொருள் உயர்ந்தது. பின்னதன் பொருள் தாழ்ந்தது.

தொடரமைப்பும் இதற்குச் சான்று. 'அவனைக் கேலி செய்தார்கள்' என்பது இயல்பான வழக்கு. 'அவனை நகைச்சுவை செய்தார்கள்' என்பது வழக்கன்று. கேலிக்கு ஆளானவரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் இலக்கணம் கேலிக்கு உண்டு, நகைச்சுவைக்கு இல்லை. ஆதலின், இவையனைத்தையும் 'ஜோக்' என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பில் எள்ளப்பட்டவர் புலப்படாமற் போவர்.